இடி விழுந்த மரமும் புயல் சாய்த்த மரமும்

கே: ஐப்பசி இடியில் எங்கள் தென்னையின் மட்டைகள் தொங்கிவிட்டன. சில வாரம் கழித்துப் பக்கத்து மூன்று மரங்களும் காய்கின்றன. வேர்வாடலா? என்ன மருந்து வைப்பது?
- வாசகி, பள்ளுருத்தி

ப: வேர்வாடல் ஆண்டுக்கணக்கில் இழுக்கும், இப்படி வாரத்தில் சாய்க்காது. எல்லாம் அந்த இடியின் வேலைதான். அது விழுந்த மரத்தோடு நிற்பதில்லை. பக்கத்து மரங்களில் சேதம் பிந்தித்தான் தெரியும். மரமேறுபவரை விட்டுக் குருத்தை மெல்ல இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கையோடு வந்து, அடி அழுகி நாறினால் மரம் முடிந்தது. தென்னைக்கு ஒரே குருத்து. அது போனபின் மருந்து வைப்பது வீண்செலவு. உடனே வெட்டி அகற்றுங்கள். குருத்து உறுதியாக நிற்கும் மரத்தில் கை வைக்காதீர்கள்.

கே: இடி மின்னலின்போது மரத்தடியில் ஒதுங்கலாமா?
- வாசகர், மட்டாஞ்சேரி

ப: கூடாது. மின்னல் மரத்திலிருந்து ஆள்மேல் தாவும். வீட்டுக்குள் போங்கள்.

கே: மின்னலில் பலாவின் பட்டை மேலிருந்து கீழ்வரை பிளந்துவிட்டது. மர வியாபாரி உடனே வெட்டச் சொல்கிறார்.
- வாசகர், பண்ருட்டி

ப: அவர் சொல்லத்தான் செய்வார். பட்டைக்கடியில் உள்ள ஈரம் நொடியில் ஆவியாகித் தெறித்ததால் வந்த பிளவு அது. மற்றப் பக்கங்களில் பட்டை உயிரோடிருந்தால் பலா பிழைக்கும். தொங்கும் பட்டையைச் சீவிவிட்டுப் போர்டோ பசை தடவுங்கள். அடுத்த தளிர் வரும்வரை பொறுங்கள். வீட்டின் மேல் விழும் நிலை என்றால் மட்டும் வெட்டலாம்.

கே: விழுந்த தென்னைகளை அப்படியே மட்கவிட்டால் உரமாகாதா?
- வாசகர், பேராவூரணி

ப: கஜா புயல் 2018 நவம்பர் 16 அன்று உங்கள் பகுதித் தோப்புகளைப் படுக்கவைத்த பிறகுமா இந்தக் கேள்வி? மட்கும் தண்டில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிடும். அங்கே கொழுத்த புழு வண்டாகி, நிற்கும் மரத்தின் குருத்தைக் குடையும். விரிந்த மட்டை கத்தரியால் வெட்டியதுபோல் முக்கோணமாக அறுபட்டிருந்தால் அது வந்துவிட்டது என்று பொருள். அந்தக் காயத்தில் சிவப்புக் கூன்வண்டு நுழையும். வெளியே தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். விழுந்த மரத்தை அகற்றும் கூலி கட்டுபடியாகவில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கூலியை மிச்சம் பிடித்தால், புயலுக்குத் தப்பிய மரங்களையும் இழப்பீர்கள். சூளைக்குக் கொடுங்கள் அல்லது பிளந்து எரியுங்கள், அடிக்கட்டையையும் தோண்டுங்கள். எருக்குழியில், வண்டின் புழுவைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சையைக் கலந்துவிடுங்கள்.

கே: காற்றில் சாய்ந்த இளந்தென்னையை நிமிர்த்தலாமா?
- வாசகர், கும்பளங்கி

ப: வேர் காயுமுன், இரண்டு மூன்று நாளுக்குள் நிமிர்த்தி, மண் அணைத்து முட்டுக் கொடுங்கள். கயிறு பதியும் இடத்தில் சாக்குச் சுற்றுங்கள். வளர்ந்த மரத்தை இழுக்க வேண்டாம். வேர் பிடிப்பு இருந்தால் தலை தானே மேல்நோக்கி வளைந்து காய்க்கும்.