தீப்பந்தம் எடுப்பதற்கு முன்

சித்திரை விடுமுறையில் பிளஸ் டூ எழுதி முடித்த பையன் ஒருவன் மாவுக்கட்டுப் போட்ட கையோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். என்னிடம் விலங்கியல் படித்தவன். அவர்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் குளவிக்கூடு இருந்திருக்கிறது. அவன் அப்பா ஏணியைச் சாத்தி, "ஆம்பளப் புள்ளதானே, என்னடா பயம், ஏறிக் கொளுத்து" என்றிருக்கிறார். கழி நுனியில் மண்ணெண்ணெய்த் துணி. தீ கூட்டை எட்டுவதற்குள் இரண்டு குளவி கழுத்தில் கொட்ட, ஏணியோடு சாய்ந்துவிட்டான். அதே மாதத்தில் இன்னொருவன், கல்லூரியில் முதல் வருடம் படிப்பவன், செல்போனில் ஏதோ வீடியோவைப் பார்த்துவிட்டு, குளவிக்கூட்டைக் கொளுத்த செண்ட் பாட்டிலை லைட்டர் முன்னால் பிடித்து அடித்து இரண்டு புருவத்தையும் பொசுக்கிக்கொண்டான். ஒருவன் அப்பா சொன்னார் என்று ஏறினான், மற்றவன் எல்லாரும் செய்கிறார்களே என்று செய்தான். "என்ன குளவிடா அது?" என்று கேட்டேன். இருவருக்கும் தெரியவில்லை. பூச்சிகளைப் பற்றி அவர்களுக்குப் பாடம் எடுத்தவன் நான். அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

வீட்டில் கூட்டைப் பார்த்ததும் என்ன செய்வது என்று முடிவெடுக்கும் முன், அது யாருடைய கூடு என்று தெரிய வேண்டும். பூச்சியை உற்றுப் பார்க்கத் தேவையில்லை, பத்தடி தள்ளி நின்று கூட்டைப் பார்த்தாலே போதும். மண்ணால் கட்டி, ஜன்னல் சட்டத்திலோ சுவிட்சுப் பெட்டி ஓரத்திலோ ஒட்டியிருந்தால் அது மண்குளவி. தனியாக வாழ்வது. சிலந்தியையோ பச்சைப் புழுவையோ கொட்டி மயக்கி உள்ளே வைத்து, முட்டையிட்டு மூடிவிட்டுப் போய்விடும். கூட்டைக் காக்க நம்மைத் துரத்தாது. அது கூடு கட்டினால் வீட்டில் குழந்தை பிறக்கும் என்று எங்கள் பாட்டி துடைப்பத்தைக்கூட அந்தப் பக்கம் கொண்டுபோக மாட்டார். அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

பனைமர உச்சியிலோ கட்டட ஓரத்திலோ, சாம்பலும் பழுப்புமாக வரிவரியாய், பானை போல மூடிய பெரிய கூடு, ஒரு வாசலோடு இருந்தால் அது கதண்டு. ஓர் அங்குல நீளத்தை நெருங்கும் கறுத்த உடம்பு, வயிற்றின் முன்பாதியில் ஆரஞ்சுப் பட்டை. கதண்டில் ஒரு வகை மரப்பொந்திலும் மண்ணுக்கு அடியிலும் கூடு கட்டும், அதை மிதித்த பிறகுதான் தெரியும். டெல்டாக்காரர்களுக்குக் கதண்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கதண்டு என்றால் வேறு வழியைத் தேடாதீர்கள். பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொண்டு 101க்குப் போன் செய்யுங்கள்.

மூன்றாவது, இந்தக் கட்டுரைக்குரிய காகிதக் குளவி. தாமரைப் பொகுட்டைத் தலைகீழாகத் தொங்கவிட்டது போல இருக்கும் அதன் கூடு. மூடி கிடையாது, அறைகள் வெளியே தெரியும், மெல்லிய ஒற்றைக் காம்பில் தொங்கும். எறும்பு இறங்கி வந்துவிடக் கூடாது என்று அந்தக் காம்பில் எறும்புக்கு ஆகாத ஒரு பசையைக் குளவி தன் உடம்பிலிருந்து சுரந்து பூசும். நம் வீடுகளில் அதிகம் பார்ப்பது மங்கிய செம்பழுப்பு நிறமும், கால் மூட்டுகளில் மஞ்சள் புள்ளியும், வயிற்றில் ஒரு மஞ்சள் வளையமும் உள்ள சிறிய குளவி. ரோபாலிடியா மார்ஜினேட்டா என்பது அதன் அறிவியல் பெயர். முழுக்க மஞ்சளாய், கால் தொங்கப் பறக்கும் பெரிய வகையும் உண்டு.

இனி வழிகள். விட்டுவிடலாம், சோப்புத் தண்ணீர் அடிக்கலாம், கடையில் வாங்கிய மருந்து அடிக்கலாம், ஆள் வைத்து எடுக்கலாம், கொளுத்தலாம். இவை எல்லாருக்கும் தெரிந்தவைதான். கரப்பான் பூச்சிக்கு அடிக்கும் ஸ்பிரே குளவியையும் கொல்லும். அடுப்படியிலும், மீன்தொட்டி, கிணற்று மேட்டுப் பக்கமும் மட்டும் அது வேண்டாம், அந்த வகை மருந்துகள் மீனுக்கு நஞ்சு. ஆள் வைத்து எடுப்பது பணமும் உயரமும் சம்பந்தப்பட்டது, மூன்றாம் மாடியில் கூடு என்றால் யோசிக்காமல் அதைச் செய்யுங்கள். கொளுத்துவதைப் பற்றித்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் ஊரில் அதற்கு இருக்கும் மரியாதை அளவுக்கு மீறியது.

நானே கொளுத்தியிருக்கிறேன். அப்போது எங்களுக்கு இரண்டு மாடு, கீற்று வேய்ந்த கொட்டகை. மூங்கில் விட்டத்தில் கையகலக் கூடு. சுளுந்து கட்டிப் பந்தம் பிடித்தேன். கூடு ஒரு நொடியில் எரிந்து போனது, காகிதம்தானே. அடுத்த நொடி கீற்று பிடித்துக்கொண்டது. வைக்கோலை இழுத்துப் போட்டு, மாட்டை அவிழ்த்து, குடம் குடமாய் ஊற்றி அணைத்தோம். என் மனைவியின் முன்கையில் அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால், கரியான விட்டத்தில், காம்பு இருந்த இடத்தைச் சுற்றி ஏழெட்டுக் குளவி உட்கார்ந்திருந்தது. வாரம் திரும்புவதற்குள் ஒரு சாண் தள்ளிப் புதுக் கூட்டுக்குக் காம்பு வைத்துவிட்டன.

காரணம் எளிது. பகலில் கொளுத்தினால் பாதிக் குளவி இரைக்கும் நாருக்கும் வெளியே போயிருக்கும். இரவில் கொளுத்தினால் சூடு பட்டதும் விளிம்பில் இருப்பவை முதலில் பறக்கும், அதுவும் வெளிச்சத்தை நோக்கி, அதாவது பந்தத்தை நோக்கி. பந்தத்துக்குக் கீழே நிற்பது உங்கள் முகம். தேனீ மாதிரி ஒருமுறை கொட்டிவிட்டுச் சாவதும் இல்லை. குளவியின் கொடுக்கில் தோலில் மாட்டிக்கொள்ளும் அளவுக்கு முள் கிடையாது, திரும்பத் திரும்பக் கொட்டும். மண்ணெண்ணெய் சொட்டும் துணியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிப்பது இருக்கிறதே, கொட்டு வாங்கிய அதிர்ச்சியில் கை உதறினால் என்ன ஆகும் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். பக்கத்தில் மீட்டர் பெட்டியோ காஸ் சிலிண்டரோ இருந்தால் சொல்லவே வேண்டாம். தீயணைப்புத் துறையினர் கதண்டுக் கூட்டைத் தீ வைத்து அழிப்பதுண்டு. அது கவச உடையும் தண்ணீர் வண்டியும் உள்ளவர்கள் செய்யும் வேலை. அதைப் பார்த்து நாமும் செய்யலாம் என்று கிளம்பக் கூடாது.

"ராணியைக் கொன்றால் கூடு கலைந்துவிடும்" என்று சொல்லிக்கொண்டு கூட்டில் பெரிய குளவியைத் தேடுபவர்களும் உண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கதக்கர் இதே ரோபாலிடியாவைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்து 2001இல் ஒரு பெரிய நூலே எழுதியிருக்கிறார். இதில் ராணி உருவத்தில் தனித்துத் தெரியாது. சண்டை போடாத சாதுவும் அதுதான். ராணியை எடுத்துவிட்டால் வேலைக்காரக் குளவிகளில் ஒன்று திடீரென்று மூர்க்கமாகி மற்றவற்றை விரட்டும், சில நாளில் அதுவே முட்டையிடும் புது ராணியாகிவிடும். இன்னொரு தவறான நம்பிக்கை, குளிர்காலம் வந்தால் தானாகச் செத்துவிடும் என்பது. அமெரிக்க வீடியோக்களில் அப்படித்தான் சொல்கிறார்கள், பனி பெய்யும் ஊருக்கு அது சரி. நம் ஊரில் மார்கழியிலும் இவை கூடு கட்டும். கூடு மாதக்கணக்கில் நீடிக்கும்.

அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது? என் பதிலில் என் ஆசையும் கலந்திருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில், தலைக்கு மேலே நல்ல உயரத்தில் கூடு இருந்தால் விட்டுவிடுங்கள். எங்கள் கொல்லையில் கத்தரியும் வெண்டையும் போட்டிருக்கிறோம். காலை எட்டு மணி வெயிலில் குளவி ஒவ்வோர் இலையாக அடிப்பக்கம் தேடிப் போகும். பச்சைப் புழு கிடைத்தால் அங்கேயே மென்று மிளகளவு உருண்டையாக்கித் தூக்கிப்போய்க் கூட்டில் இருக்கும் குஞ்சுப் புழுக்களுக்கு ஊட்டும். நான் செடிக்கு மருந்து அடிப்பதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. துணி காயப்போடும் சவுக்குக் கழியில் காது வைத்துக் கேட்டிருக்கிறேன். வெயிலில் வெளுத்த நாரைக் குளவி பல்லால் சுரண்டும் கரகரப்பு கேட்கும். பின்னோக்கி நடந்தபடியே சுரண்டும், போன பிறகு கழியில் நகக்கீறல் போலப் புதுக் கோடு தெரியும். அந்த நாரும் அதன் எச்சிலும்தான் கூட்டின் காகிதம்.

ஆனால் கதவு நிலையில், மாடிப்படியில், குழந்தை விளையாடும் இடத்தில், கொட்டினால் ஒவ்வாமை வரும் ஆள் இருக்கும் வீட்டில் கூடு இருந்தால் எடுத்துத்தான் ஆக வேண்டும். ஒற்றைக் குளவி, நாலைந்து அறை என்ற ஆரம்ப நிலையில் பார்த்துவிட்டால் அது இரை தேடப் போன நேரத்தில் ஒட்டடைக்கோலால் தட்டிவிடலாம். அதனால் மாதம் ஒருமுறை வீட்டைச் சுற்றி அண்ணாந்து பாருங்கள். பெரிதாகிவிட்டால் சோப்புத் தண்ணீர். ஒரு லிட்டர் தண்ணீரில் பாத்திரம் துலக்கும் சோப்புத் திரவம் இரண்டு மூன்று கரண்டி. வெறும் தண்ணீர் குளவி மேல் உருண்டோடிவிடும், சோப்பு கலந்தால் அதன் விலாவில் உள்ள மூச்சுத் துளைகளுக்குள் இறங்கி மூச்சை அடைத்துவிடும். இருட்டிய பிறகு, எல்லாம் கூட்டுக்குத் திரும்பியதும், முழுக்கை, தலைக்குத் துண்டு, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, தரையில் நின்றபடி பீய்ச்சும் பாட்டிலால் அடிக்க வேண்டும். டார்ச்சைக் கையில் பிடிக்காதீர்கள், தள்ளித் தரையில் வையுங்கள். ஏணி வேண்டும் என்றால் அந்த வேலை உங்களுக்குரியது இல்லை. பின்வாங்கும் வழியில் செருப்பு, வாளி எதுவும் இருக்கக் கூடாது. காலையில் காம்பு வரை சுரண்டி எடுத்து, அந்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

கொட்டிவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவி ஐஸ் வையுங்கள், கையில் கொட்டியிருந்தால் மோதிரத்தை உடனே கழற்றுங்கள். சுண்ணாம்பு தேவையில்லை. உடம்பெல்லாம் தடிப்பு, உதடும் நாக்கும் வீங்குவது, மூச்சிரைப்பு, தலைசுற்றல் இவற்றில் ஒன்று வந்தாலும் 108. ஆஸ்பத்திரியில் போடும் அட்ரினலின் ஊசிதான் உயிர் காக்கும், வீட்டு வைத்தியத்தில் ஒரு நிமிடத்தைக்கூட வீணாக்காதீர்கள். கதண்டு பத்து இருபது இடத்தில் கொட்டியிருந்தால் ஆள் தெளிவாக இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இரண்டு நாள் கழித்துச் சிறுநீரகம் பழுதாவது உண்டு.

பெற்றவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எல்லாப் பிள்ளைக்கும் இந்த வேலை வராது. கூட்டைப் பார்த்ததும் கை நடுங்கும் பிள்ளையிடம் வீரத்தைக் கேட்காதீர்கள். அவனுக்கு வேறெதிலோ கை ஓடும், அது எதில் என்று பாருங்கள். பிள்ளைகளே, நீங்களும் யார் சொன்னாலும் ஒரு வாரம் பொறுத்துப் பாருங்கள். எத்தனை குளவி, எந்த நேரத்தில் வருகிறது, எந்த வழியில் போகிறது என்று எழுதி வையுங்கள். அந்த ஒரு வாரத்தில் கூடு எங்கும் ஓடிப் போகாது. படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போதும் இந்தப் பொறுமையைக் காட்டியிருந்தால் என்னிடம் வந்து அழுத எத்தனையோ பேர் அழுதிருக்க மாட்டார்கள்.

கட்டுப் போட்ட பையன் இப்போது தினமும் மாலையில் வருகிறான். எங்கள் கொல்லைக் கழிப்பறைச் சுவரில் ஒரு கூடு இருக்கிறது. நேற்று மழைக்குப் பிறகு குளவிகள் கூட்டில் தங்கிய நீரை உறிஞ்சி, விளிம்புக்கு வந்து சொட்டுச் சொட்டாய் வெளியே உமிழ்ந்துகொண்டிருந்தன. "சார், நாலு நிமிஷத்துல பதினோரு சொட்டு" என்றான். இடது கையாலேயே நோட்டில் எழுதிக்கொண்டான்.