பெயர் தெரியாத சதைப்பற்றுச் செடியை அறிந்து வளர்த்தல்

வீட்டு முன்புறத்தை அழகுபடுத்தும் பொருட்டு, அண்டை வீட்டார் தந்த கிளையையோ சந்தையில் வாங்கிய சிறு தொட்டியையோ நம்மில் பலர் பெயர் கேளாமலே கொண்டுவந்து வைத்துவிடுகிறோம். தடித்த இலையும் நீர் நிறைந்த தண்டும் உடைய இவற்றைச் சதைப்பற்றுச் செடிகள் என்பர். இவற்றுள் மருந்தாவனவும் உண்டு. கண்ணைக் கெடுப்பனவும் உண்டு. ஆகவே, செடி இன்னதென முதலில் அறிதல் இன்றியமையாததாகும்.

முதற் சோதனை: பால்

இளந்தண்டை நீண்ட ஊசியால் இலேசாகக் குத்திப் பாருங்கள். விரலால் கிள்ளவோ முகத்தை அருகே கொண்டுசெல்லவோ கூடாது. வெண்மையான பால் கசிந்தால் அது பெரும்பாலும் கள்ளி இனமாகும். பென்சில் போன்ற பச்சைக் குச்சிகளையுடைய திருகுகள்ளியும், முட்தண்டில் சிறு பூக்கள் பூக்கும் யூபோர்பியாவும் இவ்வினத்தவை.

நாம் நாள்தோறும் வெட்டும் ரப்பர் மரமும் கள்ளியும் ஒரே ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. ஆயினும், ரப்பர்ப் பாலில் பழகிய கை கள்ளிப் பாலையும் அவ்வாறே எளிதாக எண்ணிவிடலாகாது. கள்ளிப் பால் தோலைப் புண்ணாக்கும். கண்ணில் பட்டால் பார்வையையே கெடுக்கக்கூடும். பட்டவுடன் கண்ணைக் கசக்காமல், தூய நீரை 15 நிமிடத்திற்குக் குறையாது ஊற்றிக் கழுவ வேண்டும். வலி குறைந்தாலும் தாமதியாது மருத்துவரிடம் செல்லுங்கள்; சில மணி நேரம் கழித்தே துன்பம் மிகுவதும் உண்டு.

இரண்டாம் சோதனை: இலையும் முள்ளும்

பால் கசியாவிடின் இலையை நோக்குங்கள். ஓரத்தில் சிறு பற்களும் உள்ளே தெளிந்த சோறும் இருப்பின், அது மலாய் மொழியில் லிடா புவாயா எனப்படும் சோற்றுக்கற்றாழையாக இருக்கலாம். இலை நுனியில் கடினமான முள்ளும் உள்ளே நாரும் இருப்பின் அது ஆனைக்கற்றாழை. அதன் சாறு தோலில் அரிப்பை உண்டாக்கும். சோற்றுக்கற்றாழையிலும் தோலை அடுத்துள்ள மஞ்சள் நீர் பேதியை உண்டாக்குவதாகும். கருவுற்ற பெண்கள் அதனை உட்கொள்ளலாகாது.

இலையோரத்தில் குட்டிச் செடிகள் முளைப்பது ரணகள்ளி. பெயரில் கள்ளி இருப்பினும் இதற்குப் பால் இல்லை. இதனைத் தின்னும் ஆடு மாடுகளின் இதயம் பாதிக்கப்படும். எனவே கொட்டகைக்கு அருகில் நடாதீர்கள். ஐயம் தீராத எந்தச் செடியையும் மருந்தாக உண்ண வேண்டாம்.

வளர்க்கும் முறை

இச்செடிகள் தண்ணீரின்றி வாடுவதைவிடத் தண்ணீர் மிகுந்து அழுகுவதே நம் நாட்டில் அதிகம். வறண்ட நிலத்திற்கு ஏற்றவாறு நீரைத் தம் உடலிலேயே சேமிப்பவை அவை. நம் அடைமழையை அவற்றின் வேர் தாங்காது. ஆதலின் அடியில் துளையுள்ள தொட்டியில் மண்ணும் பருமணலும் சம அளவில் கலந்து நடுங்கள். காலை வெயில் படும் கூரையோரத்தில், மழை நேரே விழாதவாறு வையுங்கள். விரலை மண்ணுக்குள் விட்டு, ஈரம் அறவே இல்லாதபோது மட்டும் நீர் ஊற்றுங்கள். அடித்தண்டு குழைந்து கறுத்தால், நல்ல பகுதியை வெட்டி, காயம் உலர மூன்று நான்கு நாள் நிழலில் வைத்துப் புதிய மண்ணில் நடலாம். கள்ளியாயின் கையுறை அணிந்தே வெட்டுக.

தொட்டியின் அடித்தட்டில் நீர் தேங்க விடாதீர்கள். டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து ஏறத்தாழ ஒரு வாரத்திலேயே வளர்ந்துவிடும். பயன்படாத மங்குகளைக் கவிழ்த்து வைப்பது போலவே, அடித்தட்டையும் வாரம் ஒருமுறை கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள். 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டப்படி, கொசு பெருக இடமளிப்பது குற்றமுமாகும்.

பாலுள்ள செடியைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்து, அதன் பெயரையும் தீமையையும் அவர்களுக்கு எடுத்துரையுங்கள். அறிந்து வளர்க்கும் செடியே வீட்டிற்கு அழகாகும்.