மேசைமேல் ஓர் அயர்லாந்து ரயில்

அயர்லாந்து நாட்டு ரயிலைச் சிறு வடிவில் அமைக்கப் புகுகிறவன் முதலில் விடை கூறவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. தண்டவாளங்கள் இரண்டுக்கும் இடையே எத்தனை மில்லிமீட்டர் விடுவது? எஞ்சின், பெட்டி, நிலையம், மரம் எல்லாம் அதற்குப் பின்னரே. மூன்று ஆண்டுகளாக என் விடுதி அறையில் இவ்வேலையைச் செய்துவருகிறேன். அறைக்கு வரும் சங்க நண்பர்கள், "நம் நாட்டில் இல்லாத ரயிலா? அயர்லாந்து எதற்கு?" என்று கேட்கிறார்கள். அக்கேள்விக்கும் விடை இந்த மில்லிமீட்டரில்தான் இருக்கிறது.

அயர்லாந்தின் முதல் ரயில் பாதை 1834-இல் டப்ளினுக்கும் கிங்ஸ்டவுனுக்கும் இடையே திறக்கப்பட்டது. இங்கிலாந்தைப் பின்பற்றி அதன் அகலம் 4 அடி 8½ அங்குலம். வடக்கே பெல்ஃபாஸ்டிலிருந்து 1839-இல் புறப்பட்ட அல்ஸ்டர் ரயில்வே 6 அடி 2 அங்குலத்தை எடுத்துக்கொண்டது. டப்ளின்–டிராகடா கம்பெனியார் 5 அடி 2 அங்குலம் போதும் என்றனர். சிறிய தீவு ஒன்றில் மூவருக்கு மூன்று கணக்கு! பாதைகள் ஒன்றையொன்று சந்தித்தால் என்ன ஆகும் என்று அரசினர் விழித்துக்கொண்டு, பாஸ்லி என்ற இராணுவ அதிகாரியிடம் வழக்கை விட்டனர். 1843-இல் 5 அடி 3 அங்குலம் என்று முடிவாயிற்று. 1846-இல் அது சட்டமாயிற்று. யார் கேட்டதும் யாருக்கும் கிடைக்கவில்லை. அல்ஸ்டர் கம்பெனி போட்ட பாதையைப் பெயர்த்து மாற்றவேண்டி வந்தது. டப்ளின்–கிங்ஸ்டவுன் பாதையும் 1857-இல் மாற்றப்பட்டது. இந்த அகலம் இன்றும் அயர்லாந்தை விட்டால் ஆஸ்திரேலியாவின் சில பகுதிகளிலும் பிரேசிலிலும்தான் உண்டு.

இனி மேசைக்கு வருவோம். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் சிறு ரயில் கட்டுவோரில் பெரும்பாலோர் ஓர் அடிக்கு 4 மில்லிமீட்டர் என்ற அளவைக் கொள்கின்றனர். இதற்கு 'டபுள் ஓ' என்று பெயர். இக்கணக்கில் 5 அடி 3 அங்குலம் சரியாக 21 மில்லிமீட்டராகும். கடையில் விற்கும் டபுள் ஓ தண்டவாளமோ 16.5 மில்லிமீட்டர். இஃது இங்கிலாந்தின் பாதைக்கே பொருந்தாது, அதற்கு 18.83 வேண்டும். அயர்லாந்துக்கு வரும்போது குறை மேலும் பெருகி, உண்மை அளவில் 13½ அங்குலம் ஆகிவிடுகிறது.

பக்கவாட்டில் நின்று பார்ப்பவருக்கு இக்குறை எளிதில் தெரியாது. எதிரே நின்று பாருங்கள்! பருத்த உடலைத் தாங்கி ஒடுங்கிய கால்களில் நிற்கும் மனிதரைப்போல எஞ்சின் தோன்றும். எனினும் அயர்லாந்திலேயே மிகப் பலர் 16.5 மில்லிமீட்டரோடு அமைதி அடைந்துவிட்டனர். காரணம் இல்லாமல் இல்லை. மர்பி மாடல்ஸ் என்ற நிறுவனம் வெளியிட்ட 141, 071 வகை டீசல் எஞ்சின்கள் பெட்டியைத் திறந்ததும் ஓடுகின்றன. ஆனால் அவை 16.5 மில்லிமீட்டர் பாதைக்கு உரியவை. 21-க்கு மாற்ற வேண்டுமானால் சக்கரங்களைக் கழற்றி, வெளியே தள்ளி, நீண்ட அச்சில் மீண்டும் பூட்ட வேண்டும். மாலை நேரம் மட்டுமே உள்ளவர் ஓடும் ரயிலை விரும்பினால் அவரைக் குறை கூறமாட்டேன். நான் 21-ஐயே எடுத்துக்கொண்டேன்.

ஏன்? நம் நாட்டு அகலப் பாதை 5 அடி 6 அங்குலம். அதே அளவில் அது 22 மில்லிமீட்டர். அயர்லாந்துக்காரருக்கும் நமக்கும் ஒரு மில்லிமீட்டர்தான் இடைவெளி! இரண்டுமே கடைத் தண்டவாளத்தில் அடங்காதவை. அவர்கள் கையால் பாதை போடும் முறைகளைப் பல்லாண்டுகளாகச் செய்து பார்த்துப் பண்படுத்தியிருக்கிறார்கள். 21 போடக் கற்றவனுக்கு 22 எட்டாக் கனி அன்று.

அவர்களுள் முன்னோடி சிரில் ஃபிரை. டப்ளினில் இஞ்சிகோர் ரயில் தொழிற்கூடத்தில் பணியாற்றிய இவர், 1920-களிலும் 30-களிலும் தம் நாட்டு எஞ்சின்களையும் பெட்டிகளையும் கையாலேயே செய்து குவித்தார். அவர் செய்தவை மாலஹைடு கோட்டையில் 1988 முதல் 2010 வரை காட்சியில் இருந்தன. 2020 முதல் அவ்வூரிலேயே தனி அருங்காட்சியகத்தில் உள்ளன.

பாதை போடும் முறையைச் சற்று விரித்துச் சொல்கிறேன். செய்து பார்க்க விரும்புவோருக்கு உதவும். மின்னணுவியல் மாணவர்கள் பயன்படுத்தும் செம்புத் தகடு ஒட்டிய அட்டையை மெல்லிய பட்டைகளாக அறுத்து, ஒவ்வொன்றையும் 35 மில்லிமீட்டர் நீளத்துக்கு வெட்டிக்கொண்டால் அவையே ஸ்லீப்பர் கட்டைகள். ஒவ்வொன்றின் நடுவிலும் அரத்தால் செம்பைக் கீறிப் பிரித்துவிட வேண்டும். இல்லையேல் இரு தண்டவாளங்களும் மின்சாரத்தால் இணைந்துவிடும், ரயில் ஓடாது. தண்டவாளத்துக்காகத் தனியே அலைய வேண்டா. கடைத் தண்டவாளத்தை வாங்கிப் பிளாஸ்டிக் கட்டைகளிலிருந்து கம்பியை உருவிக்கொள்ளலாம். முதல் கம்பியைக் கண்ணால் நேர் பார்த்துச் சால்டர் வைக்கிறேன். இரண்டாவதற்குக் கண்ணை நம்புவதில்லை. பட்டறையில் பயிலும் நண்பர் ஒருவர் பித்தளையில் மூன்று உருளைகள் கடைந்து தந்தார். 21 மில்லிமீட்டர் இடைவெளியில் இரு பள்ளங்கள் கொண்டவை. அவற்றைக் கம்பிகளின்மேல் கவிழ்த்து வைத்துச் சூடு காட்டினால் அகலம் பிசகாது. பத்துக் கட்டைக்கு ஒருமுறை ஒரு சரக்கு வண்டியைக் கையால் தள்ளிப் பார்க்கிறேன். காதுக்கே குறை தெரிந்துவிடும். நேர்ப்பாதை ஒரு மாலையில் ஓரடி வளரும். ஒரு பாயின்ட் மட்டும் இரண்டு வாரம் கேட்கும்.

மற்றொரு வசதி, அந்நாட்டு ரயிலின் எளிமை. என் அமைப்பு நான்கடிப் பலகை இரண்டு. கழற்றினால் அலமாரிமேல் அடங்கும். அதில் ஒரு பெரிய சந்திப்பு நிலையத்தை அடைத்தால் பொம்மைக் கடையாகிவிடும். மேற்கு அயர்லாந்துக் கிளைப் பாதை அப்படியன்று. ஒற்றைத் தடம், ஒரு நடைமேடை, ஒரு சரக்குக் கொட்டகை, சாந்தின்றி அடுக்கிய கல்வேலி, அதற்கப்பால் கரி நிலம். நாளுக்கு இரண்டு மூன்று வண்டிகள். வண்டிக்கு இரண்டு மூன்று பெட்டிகள். கரி நிலத்துக்கு வடிகட்டிய தேயிலைச் சக்கையை வெயிலில் உலர்த்திப் பசைமேல் தூவுகிறேன். இவ்வமைப்பில் நிரப்புவதைவிட வெறுமையாக விடுவதே கடினம். வருகிற நண்பர் ஒவ்வொருவரும் அந்தக் காலி இடத்தில் ஒரு கோயிலையோ குளத்தையோ வைக்கச் சொல்கிறார்!

காலத்தையும் வரையறுத்துக்கொள்ள வேண்டும். நான் கொண்டது 1962. அயர்லாந்தில் நிலக்கரி அருமை. இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்திலிருந்து நல்ல கரி வராமல் ரயில்கள் வழியிலேயே நின்று தவித்தன; கரி நிலத்தில் வெட்டிய புல்கரியையும் எரித்துப் பார்த்தார்கள். அந்தத் துன்பம் மறக்கும் முன்பே டீசலுக்குத் திரும்பினர். 1955 முதல் 60 பெரிய எஞ்சின்களும், 1961-இல் அமெரிக்காவிலிருந்து சாம்பலும் மஞ்சளும் பூசிய 15 எஞ்சின்களும் வந்தன. 1963-ஆம் ஆண்டோடு தெற்கே நீராவி ஓய்ந்தது. ஆகவே 1962-இல் பழைய நீராவி எஞ்சின் ஒன்றும் புதிய டீசல் ஒன்றும் ஒரே நிலையத்தில் நிற்பது பொய்யாகாது.

நிலையப் பெயர்ப்பலகையில் மேலே ஐரிஷ், கீழே ஆங்கிலம். பழைய பலகைகளில் ஐரிஷ் எழுத்தின் வளைவே வேறு. அரை அங்குலப் பலகையில் அதை எழுத மூன்று மயிர்த் தூரிகைகள் தேய்ந்தன. மூன்று மொழிப் பலகைகளுக்கு நடுவே வளர்ந்த நமக்கு இதில் அலுப்பில்லை.

இப்போது கையில் இருப்பது பீட் ரயில். கார்லோவில் 1926-இலும் மாலோ, தர்ல்ஸ், டுவாம் ஆகிய ஊர்களில் 1934-இலும் சர்க்கரை ஆலைகள் எழுந்தன. இலையுதிர் காலத்தில் பீட்கிழங்கு ஏற்றிய திறந்த வண்டிகள் ஆலைகளை நோக்கி இரவும் பகலும் ஓடின. ஆண்டு முழுதும் தூங்கும் பாதையும் அப்போது விழித்துக்கொள்ளும். கடைசியாக மாலோ ஆலை 2006-இல் மூடப்பட்டது. நம் அளவில் கிழங்கு ஒன்று ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர். கடுகு அதற்கு மிகப் பொருந்துகிறது. வண்டிக்குள் அட்டையை மேடாக ஒட்டி, பசை தடவி, ஒரு கரண்டி கடுகைக் கொட்டி, உலர்ந்தபின் சேற்று நிறம் பூசுகிறேன். ஆறு வண்டிகள் ஆயின. இன்னும் ஆறு வேண்டும். விடுதிச் சமையற்காரர் இம்முறை காரணம் கேட்டுவிட்டுத்தான் கடுகு தருவேன் என்கிறார்.