முன்பாரம், பின்பாரம்: திருப்புத்திறன் பாடத்துக்கு வந்த டிபன் வண்டி

கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டிய அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் அறிவியல் கற்பிக்கிறேன். பத்தாம் வகுப்பு ‘இயக்க விதிகள்’ பாடத்தில் திருப்புத்திறன் வந்தால் கதவையும் ஏற்றப் பலகையையும் சொல்லிப் பழகியவள். சென்ற ஆண்டு ஒரு மாணவனின் வீட்டு வண்டி அதை மாற்றிவிட்டது.

அவன் அப்பா தொழிற்சாலை வாசலில் டிபன் விற்பவர். நான்கு பக்கமும் தகரம் அடைத்த இரண்டு சக்கர டிரெய்லரைப் பிக்கப் வண்டியில் மாட்டி இழுத்து வருவார். “ஜி.என்.டி. ரோட்ல கன்டெய்னர் லாரி தாண்டிப் போனா டிரெய்லர் வாலாட்டுது மிஸ்” என்றான். உனக்கு எப்படித் தெரியும் என்றேன்.

“நான் உள்ளதான் உக்காந்து வருவேன். அண்டா கவுறாம புடிச்சுக்கணும்ல?”

அதன்பின் பாடம் ஓடவில்லை. மாலையில் அவன் வீட்டுக்குப் போனேன். இருநூறு லிட்டர் தண்ணீர் டிரம் பின் கதவை ஒட்டி நின்றது. “புடிக்க வசதியா இருக்குது டீச்சர்” என்றார் அப்பா. வாசலில் இருந்த தாத்தா மட்டும், “அன்னிக்கே சொன்னேன், பின்பாரம்னு. மாட்டு வண்டியா இருந்தா நுகத்தடி மேல தூக்கியிருக்கும்” என்றார். நான் கரும்பலகையில் எழுதுவதை அவர் ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

மறுநாள் வகுப்பில் கணக்காகப் போட்டோம். எளிமைக்காக முழு எண்கள் எடுத்தோம். எடையெல்லாம் கிலோகிராம் விசையில். காலி டிரெய்லர் 600. கொக்கியிலிருந்து அச்சு 3 மீட்டர் தூரம். கொக்கியின் மேல் அழுத்தம் 60. டிரம் 200, அச்சுக்குப் பின்னால் 1 மீட்டரில். அச்சைச் சுற்றித் திருப்புத்திறன் எடுத்தால், டிரம் கொக்கியிலிருந்து தூக்கிவிடும் அளவு 200 × 1 ÷ 3, ஏறத்தாழ 67. அறுபதைவிட அதிகம்! பிக்கப்பின் பின்பக்கத்தை டிரெய்லர் மேலே தூக்குகிறது. அதே டிரம்மை அச்சுக்கு முன்னால் 0.6 மீட்டரில் வைத்தால் 40 கூடி, கொக்கியில் 100. மொத்த எடை 800இல் அது 12.5 சதவீதம். இத்தகைய டிரெய்லர்களுக்கு 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இருப்பது நல்லது. அதற்காக எல்லாவற்றையும் முன்னால் குவிக்கவும் கூடாது; பிக்கப்பின் பின்பக்கம் அமுங்கி, முன் சக்கரத்தில் பிடிப்பு குறையும்.

பிறகு அட்டைப்பெட்டி டிரெய்லரை ஒரு பொம்மைக் காருக்குப் பின்னால் மாட்டிச் சாய்வுப் பலகையில் விட்டோம். களிமண் உருண்டை முன்னால் இருந்தபோது விரலால் தட்டினாலும் நேராகிவிட்டது. பின்னால் மாற்றியதும் பாம்பாக நெளிந்து கவிழ்ந்தது. வகுப்பே கத்தியது. நீங்களும் செய்து பாருங்கள், செலவில்லை.

உண்மையான அழுத்தத்தைப் பழைய இரும்புக் கடைத் தராசில் பார்த்தோம். டிரெய்லரைக் கழற்றி, மட்டமாக நிறுத்தி, கொக்கி முனையை மட்டும் தராசின் மேல் முட்டுக் கொடுத்து வைத்தால் போதும்.

கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. டிரம் பாதி நிறைந்திருந்தால்? தண்ணீர் அலைபாயும், நிரப்பு, அல்லது காலியாக்கிக் கொண்டு போ. 40 கி.மீ. வேகத்தை 60 ஆக்கினால்? இயக்க ஆற்றல் 2.25 மடங்கு, டிரெய்லரில் தனி பிரேக் இல்லையென்றால் அத்தனையையும் பிக்கப் பிரேக்தான் தாங்க வேண்டும். ஆடத் தொடங்கினால்? ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடி. சட்டென்று பிரேக் அடிக்காதே, எதிர்ப்பக்கம் வெட்டி ஒடிக்காதே. கொக்கி கழன்றால்? அதற்குத்தான் அடியில் குறுக்காக மாட்டும் இரண்டு சங்கிலிகள். முனை தரையில் குத்தாமல் தாங்கும்.

டிரெய்லர் வாங்கும் முன்னே பார்க்க வேண்டியதையும் சேர்த்துச் சொன்னேன்: பிக்கப்பின் கையேட்டில் உள்ள இழுவை வரம்புக்குள் சரக்கோடு சேர்ந்த எடை அடங்க வேண்டும். அடைத்த வண்டியின் பக்கச்சுவர் காற்றைப் பாய்மரம் போல வாங்கும் என்பதால் உயரம் தேவைக்கு மேல் வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தில் டிரெய்லரும் வாகனமே. அதற்கும் தனிப் பதிவு உண்டு.

டிரம் இப்போது அச்சுக்கு முன்னால். கேஸ் சிலிண்டரை ரெகுலேட்டர் கழற்றி, நிமிர்த்திக் கட்டுகிறார்கள். அண்டாவுக்கு இரும்பு வளையமும் கயிறும் வந்துவிட்டன. பையன் முன்சீட்டில் பெல்ட் போட்டு வருகிறான். அதற்கு மட்டும் நான் மூன்று முறை போக வேண்டியிருந்தது. அண்டாவை யார் பிடிப்பது என்பதே அவர் கவலை. காலாண்டுத் தேர்வில் திருப்புத்திறன் கேள்விக்கு அவன் டிரெய்லர் படம் வரைந்திருந்தான். அலகு எழுத மறந்ததற்கு அரை மதிப்பெண் குறைத்தேன்.