பாண்டுப்பிலிருந்து பாலைவனத்துக்கு

கேள்வி: கட்ச் பாலைவனத்துக்குப் போய்ப் பறவைகளைப் படமெடுக்க ஆசை. எப்படிப் பழகுவது? (வாசகர், பாண்டுப், மும்பை)

பதில்: உங்கள் ஊரிலேயே பழகலாம். கட்ச்சின் ரண் உப்புவெளியில் மண்ணைக் குவித்துக் கூடு கட்டும் பூநாரைகள், இரை தேடித் தாணே கடற்கழிக்கும் வருகின்றன. 2015இல் சரணாலயமாகவும் 2022இல் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்ட கழி அது. பாண்டுப் பம்பிங் ஸ்டேஷன் பக்கம் குளிர்காலக் காலையில் போய்ப் பாருங்கள். கடல் வற்றியிருந்தால் பறவைகள் சேற்றில் வெகுதூரம் பரவியிருக்கும். நீர் ஏற ஏறக் கரைப்பக்கம் நெருங்கும். அதனால் கேமராவுக்கு முன் ஓத அட்டவணையைப் பாருங்கள். வெயில் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கட்டும். 400 மி.மீ. லென்ஸ் இருந்தால் நல்லது. இல்லையென்றால் கூட்டத்தையே நிலக்காட்சியாக எடுங்கள், எனக்கு அதுதான் பிடிக்கும்.

ரண்ணில் இரண்டு விஷயம் மாறும். வெள்ளை உப்புத்தரை கேமராவை ஏமாற்றிப் படத்தை மங்கலாக்கும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். தூசி பறக்கும் வெளியில் லென்ஸ் மாற்றாதீர்கள்.

எங்கும் ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: பறக்கும் படத்துக்காகக் கூட்டத்தைக் கலைக்காதீர்கள்.