மூட்டுக்குள் இரத்தம் கசியும் பிள்ளைகள்

பகல் முழுவதும் ஓடி விளையாடிய மகன் இரவில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அழுகிறான். காயமில்லை, கீறலில்லை. விடிய முழங்கால் வீங்கி, தொட்டால் சுடுகிறது. சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் போட்டு உருவுகிறோம். வீக்கம் இன்னும் கூடுகிறது. இப்படி ஒரே மூட்டு திரும்பத் திரும்ப வீங்கும் ஆண்பிள்ளை உங்கள் வீட்டிலோ பக்கத்துக் கொட்டிலிலோ இருந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். அது ஈமோபீலியா எனப்படும் குருதி உறையா நோயாக இருக்கலாம்.

இரத்தம் உறையப் பல காரணிகள் தேவை. அவற்றில் 8 ஆம் காரணி குறைந்தால் ஏ வகை, 9 ஆம் காரணி குறைந்தால் பி வகை. பெரும்பாலும் இது தாய் வழியாக வருகிறது. ஆயினும் ஏறக்குறைய மூன்றிலொருவருக்குக் குடும்பத்தில் முன்பு எவருக்கும் இல்லாமலே தோன்றுகிறது. யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்ட கேள்வியை (யோவான் 9) இன்றும் சிலர் இந்தத் தாய்மாரிடம் கேட்கிறார்கள். இயேசு அன்று அந்தக் கேள்வியை ஏற்கவில்லை. நாமும் ஏற்க வேண்டியதில்லை.

சிறு கீறலாலேயே இப்பிள்ளைகள் இறந்துவிடுவார்கள் என்பது தவறான எண்ணம். உள்ளே கசிவதுதான் பெரிய தொல்லை. முழங்கால், முழங்கை, கணுக்கால் ஆகியவற்றில் இது அதிகம். மூட்டுக்குள் தேங்கும் இரத்தத்திலுள்ள இரும்பு உட்சவ்வைத் தடிக்கச் செய்கிறது. தடித்த சவ்வு இலகுவில் மறுபடியும் கசியும். ஒருமுறை உடைத்த குளக்கட்டு மாரிக்கு மாரி அதே இடத்தில் உடைக்கிறதல்லவா, அதுபோலத்தான். காலப்போக்கில் குருத்தெலும்பு தேய்ந்து கால் மடங்கியபடியே நின்றுவிடும்.

இதைத் தடுக்கும் மருந்து, குறைந்திருக்கும் காரணியையே நாளத்தில் ஏற்றுவதுதான். முடிந்தால் இரண்டு மணித்தியாலத்துக்குள் ஏற்ற வேண்டும். வீங்கும்வரை காத்திருக்கக் கூடாது. வீக்கத்துக்கு முன்பே மூட்டில் ஒரு குறுகுறுப்பும் இளஞ்சூடும் தெரியும். அதைப் பிள்ளைதான் முதலில் அறிவான். பள்ளிக்கூடத்துக்குக் கள்ளம் என்று அவனை ஏசாதீர்கள். காரணி மருந்து கிடைக்காவிட்டால் ஏ வகைக்குக் கிரையோபிரெசிப்பிற்றேற் ஏற்றலாம். அதில் 9 ஆம் காரணி இல்லாததால் பி வகைக்கு அது உதவாது. உறையவைத்த பிளாஸ்மா கொடுப்பார்கள். ஆகவே எந்த வகை என்பதை வீட்டார் மனப்பாடமாக வைத்திருப்பது அவசியம்.

வாகனம் வரும்வரை மூட்டை அசைக்காமல் தலையணையில் உயர்த்தி வையுங்கள். மடங்கிய காலை இழுத்து நிமிர்த்த வேண்டாம். ஐஸ் கிடைத்தால் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். இறுக்கமில்லாமல் பந்தனம் சுற்றலாம். ஐஸ் தேடிப் பயணத்தைத் தாமதிக்காதீர்கள். எண்ணெய் உருவுதல், சூடு ஒத்தடம், முறிவு வைத்தியரின் கட்டு எதுவும் ஆகாது. நோவுக்குப் பனடோல் மட்டும் கொடுங்கள். அஸ்பிரின், இபுபுரோபன், டைக்குளோபினாக் இரத்தக் கசிவைக் கூட்டும். சதையில் போடும் ஊசிக்கு முன்பு நோயைச் சொல்லிவிடுங்கள். தலையில் அடிபட்டாலோ, கழுத்து அல்லது வயிறு வீங்கினாலோ, பிள்ளை நன்றாக இருப்பதுபோலத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிதான்.

நோவு தணிந்த பின் படுக்கையிலேயே விட்டுவிடுவதும் பிழை. தொடைத்தசை சூம்பினால் முழங்காலைத் தாங்க எதுவுமில்லை. முதலில் படுத்தபடியே தொடையை இறுக்கித் தளர்த்தட்டும். வைத்தியர் சொன்ன பின்பே காலை ஊன்றட்டும்.

இடம்பெயரும்போது உறுதியையும் அடையாள அட்டையையும் மறக்காமல் எடுக்கிறோம். அதே பொலித்தீன் பையில் பிள்ளையின் கிளினிக் கொப்பியையும் வையுங்கள். நோயின் வகை, காரணியின் அளவு, இரத்த வகை, கடைசியாக மருந்து ஏற்றிய திகதி ஆகியவை அதில் இருக்க வேண்டும். புதிய இடத்துக்கு வந்த முதல் கிழமையிலேயே, பிள்ளை சுகமாயிருக்கும்போதே, எந்த ஆஸ்பத்திரியில் இந்த மருந்து உண்டு, இரவில் அங்கு போக யாருடைய வாகனம் கிடைக்கும் என்று விசாரித்து அதே கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள்.