போனில் இடம் இல்லையா? வீடியோவை அழிக்கும் முன் குரலை எடுத்து வையுங்க

திருவண்ணாமலை மாவட்டம் ஆரணியில் ஒரு பட்டு நெசவு வீட்டை நினைச்சுப் பாருங்க. தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தாத்தா பேசுகிறார். எந்த உடல் நிறத்துக்கு எந்த பார்டர் எடுபடும், முதல் புடவைக்கு என்ன கூலி கிடைத்தது என்று பழைய கதை. பேத்தி அதை 10 நிமிடம் வீடியோ எடுக்கிறாள். கொஞ்ச நாளில் போன் 'ஸ்டோரேஜ் ஃபுல்' என்கிறது. பெரிய வீடியோவாகப் பார்த்து அழிக்கிறோம். பிறகு தாத்தா இல்லாத வீட்டில் அவர் குரலும் இல்லை.

இதைத் தவிர்க்க, வீடியோவிலிருந்து ஒலியை மட்டும் தனியாக எடுத்து வைக்கலாம்.

எவ்வளவு இடம் மிச்சமாகும்?

1080பி தரத்தில் எடுத்த வீடியோ பல போன்களில் நிமிடத்துக்கு 100 எம்.பி.யைத் தாண்டும். 10 நிமிடம் என்றால் 1 ஜி.பி. அளவுக்கு வரும். அதே பேச்சின் ஒலி, 128 கேபிபிஎஸ் தரத்தில், 10 நிமிடத்துக்குச் சுமார் 10 எம்.பி.தான்.

புடவையில் பாவும் ஊடையும் பின்னிக் கிடக்கும். ஒன்றை உருவினால் துணியே போச்சு. வீடியோ கோப்பு அப்படி இல்லை. அதில் படமும் ஒலியும் தனித்தனித் தடங்களாகவே இருக்கின்றன. ஒலித்தடத்தைப் பிரதி எடுத்தால் வீடியோவுக்கு எந்தச் சேதமும் வராது.

ஆண்ட்ராய்டு போனில்

1. பிளே ஸ்டோரில் வீடியோவிலிருந்து ஆடியோ எடுக்கும் செயலி ஒன்றைத் தேர்ந்தெடுங்க.
2. வீடியோ, ஆடியோ கோப்புகளுக்கு மட்டும் அனுமதி கொடுங்க. காண்டாக்ட், எஸ்எம்எஸ் கேட்டால் அந்தச் செயலியே வேண்டாம். ஆண்ட்ராய்டு 14 முதல், நாம் தேர்ந்தெடுத்த வீடியோவை மட்டும் செயலிக்குக் காட்டும் வசதி இருக்கு.
3. ஏரோபிளேன் மோடு போட்டு, வைஃபையும் அணைத்துவிட்டுச் செய்து பாருங்க. வேலை நடந்தால், போனுக்குள்ளேயே மாற்றுகிறது என்று பொருள்.
4. 'காப்பி' அல்லது 'எம்4ஏ' இருந்தால் அதையே தேர்ந்தெடுங்க. பெரும்பாலும் ஒலி இருந்தபடியே வரும். எம்பி3 பழைய ஸ்பீக்கர், கார் பிளேயரிலும் பாடும். ஆனால் தரம் சற்றுக் குறையும்.

ஐபோனில்

தனிச் செயலி தேவையில்லை. 'ஷார்ட்கட்ஸ்' செயலியில் புதிய ஷார்ட்கட் தொடங்கி, 'செலக்ட் போட்டோஸ்', 'என்கோட் மீடியா', 'சேவ் ஃபைல்' மூன்றையும் வரிசையாகச் சேருங்க. 'என்கோட் மீடியா'வை விரித்து 'ஆடியோ ஒன்லி'யை ஆன் செய்தால் போதும்.

கம்ப்யூட்டரில்

இலவச விஎல்சி மென்பொருளில் 'மீடியா' → 'கன்வர்ட்/சேவ்' போய், வீடியோவைச் சேர்த்து, ப்ரொஃபைலில் 'ஆடியோ – எம்பி3' தேர்ந்தெடுங்க. சேமிக்கும் இடத்தையும் பெயரையும் கொடுத்து 'ஸ்டார்ட்' அழுத்துங்க.

அழிக்கும் முன் கவனிங்க

• எடுத்த ஒலியை முதலிலிருந்து கடைசிவரை கேளுங்க. இன்னொரு இடத்திலும் ஒரு பிரதி வையுங்க.
• வாட்ஸ்அப்பில் போகும் வீடியோ சுருக்கப்படும். அதனால், எடுத்த போனில் உள்ள மூல வீடியோவிலிருந்தே ஒலியை எடுங்க.
• பாவு பிணைப்பது போன்ற கைவேலையைக் காட்டும் வீடியோவை அழிக்காதீங்க. அங்கே படம்தான் பாடம்.
• புகார், வழக்கு தொடர்பான வீடியோ என்றால் மூலக்கோப்பை அப்படியே வையுங்க. மின்னணுப் பதிவைச் சாட்சியமாகத் தர, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியம் பிரிவு 63-இன்படி சான்றிதழ் வேண்டும். வெட்டி எடுத்த ஒலி மட்டும் இருந்தால் சிக்கல் வரலாம்.
• வீட்டுப் பேச்சை, முன்பின் தெரியாத இணையதளத்தில் ஏற்றி மாற்றாதீங்க. அடுத்தவர் குரலைப் பகிரும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்க.

கடைசியாக ஒன்று. கோப்புக்கு 'தாத்தா பேச்சு' என்று பெயரும் தேதியும் போட்டு வையுங்க. வெறும் எண்ணாக இருந்தால், அடுத்த முறை இடம் பற்றாதபோது அதுவும் அழிந்துவிடும்.